மறைபுள்ளி

செந்தூல் ரயில் பட்டறையில் எனக்கு நேர்கோடு போடும் வேலை.
போகியின் அடிச்சட்டம், அச்சு, தாங்குவில்.
அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு பிசகினால்
துரைசிங்கம் தாளையே கிழித்துவிடுவார்.

மைப்புட்டியில் இந்தியன் இங்க் என்றிருக்கும்.
கண்டுபிடித்தவன் சீனன், அடைத்தது ஜெர்மனியில்,
காசு கொடுத்தது மலாயா ரயில்வே.
அந்த மே மாதம் வரைக்கும்
எனக்கு அது வெறும் மை.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது
தெரு முழுக்கக் கதவு சாத்தும் சத்தம்.
வானொலி ஊரடங்கு என்றது,
பிறகு வயலின் வாசித்தது.

நான்காம் இரவு
ஜன்னல் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பதும்
மெழுகுவத்தியோடு மேசைக்கடியில் நுழைந்து
பார்த்ததை வரைவதுமாக இருந்தேன்.
வேறு தாள் இல்லை. பழைய போகிப் படத்தின் பின்பக்கம்.

பள்ளியில் சொல்லித்தந்தது இவ்வளவுதான்:
சுவர், சாக்கடை, விளக்குக் கம்பங்கள்,
எல்லாக் கோடும் தூரத்தில் ஓரிடத்தில் போய்ச் சேரும்.
பெயர் மறைபுள்ளி.

அன்று மதியம் இரண்டு மணி நேரம் தளர்த்தியபோது
மாவு வாங்க சைக்கிளை எடுத்தான் எதிர்வீட்டு கியோங்.
சரியாக அந்தப் புள்ளியை நோக்கித்தான் போனான்.
கையசைத்தான். சிறுத்தான்.
இன்னும் சிறுத்தான்.

அந்தப் புள்ளியைத் தாளில் வைக்க
எனக்குக் கை வரவில்லை.
டீ-ஸ்கொயரை அலமாரிக்குப் பின்னால் செருகினேன்.

தெருவுக்கு ஆழமே இல்லாமல் போட்டேன்.
முதல் வீடும் கடைசி வீடும் ஒரே உயரம்,
கூரைமேல் சாக்கடை, படுத்துக் கிடக்கும் கம்பம்,
சைக்கிள் சக்கரங்கள் இரண்டு முழு வட்டம்.
எங்கேயும் போக வழியில்லாத தெரு.
போனால்தானே
திரும்பாமல் இருப்பான்.

முகத்துக்கு வந்தேன்.
கண்ணை இப்படி இழுத்தால் ஓர் இனம்,
தலையில் தொப்பி வைத்தால் ஓர் இனம்,
நெற்றியில் ஒரு கீற்று போதும், இன்னோர் இனம்.
அந்த வாரம் கோலாலம்பூரில்
இதைப் பார்த்துத்தான் கத்தியை ஓங்கினார்கள்,
இதைப் பார்த்துத்தான் கதவைத் திறந்தும் விட்டார்கள்.
நிப்பைத் தூக்கினேன்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
மறுபக்கத்துப் போகியின் கோடு மங்கலாகத் தெரிந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

ஆறாம் நாள் வீட்டைச் சோதிக்க வந்த சிப்பாய்க்கு
இருபது வயதுகூட இருக்காது.
"இது எந்த இடத்து வரைபடம்? இவர்கள் யார்?"
தாளைப் புரட்டி
ரயில்வே முத்திரையைக் காட்டினேன்.
போகியை நெடுநேரம் பார்த்தான்.
அது அவனுக்குப் புரிந்தது. போய்விட்டான்.

வேலிக்கு மேல் நெத்திலிப் பொரியல் நீட்டிய ரொஹானி
மனிதர்களா மரங்களா என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.
அடுப்பில் ஏதோ இருந்திருக்கும்.

பதினோரு வருடம் கழித்து
யாரோ அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.
குளிர்சாதன அறை, ஆரஞ்சு பானம், ரிப்பன்.
'பிலவேந்திரனின் கோடுகளில் பாரிஸின் சாயல்'
என்று எழுதியது ஒரு பத்திரிகை.
பாரிஸில் எனக்கு யாரையும் தெரியாது.
பின்சக்கரம் நசுங்கியிருப்பதை மட்டும் தனியாகப் பாராட்டி
'துணிச்சலான கோடு' என்றிருந்தார்கள்.

அது என் கோடு இல்லை.

ஜூலையில் சுவீ எங் வந்தாள், கியோங்கின் மனைவி.
இதில் அவர் எங்கே என்றாள்.
முகமில்லாத ஒன்பது பேரில் எவனைக் காட்டுவது?
சைக்கிளைத் தொட்டேன்.
குனிந்து பார்த்தாள்.
பின்சக்கரம் கோணல், சரிசெய்யச் சொல்லிக்கொண்டே இருந்தேன்,
என்றாள் மலாயில்.
என் கையிலிருந்து நிப்பை வாங்கி
மையில் தோய்த்து, உதறி,
அந்த வட்டத்தை அமுக்கிக் கோணலாக்கினாள்.

ஈரம் காயும்வரை
இருவரும் தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.